கழுத்துக் குண்டும் செஞ்சோறும்: வில்லன் கூட்டணிக் கதைகளின் ஒரு சின்ன வரலாறு

போன சிறுபோக நேரம், இரணைமடுவில் ஒரு நண்பன் வீட்டு விறாந்தையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, இரவல் வாங்கின புரொஜெக்டரில் 'த சூசைட் ஸ்குவாட்' படம் பார்த்தோம். ஜேம்ஸ் கன் இயக்கி 2021 இல் வந்தது. எங்கட கூட்டம் பத்துப் பன்னிரண்டு பேர். அதோட பக்கத்து வளவு அண்ணை ஒருவர், வயலுக்குத் தண்ணி கட்டிப்போட்டுச் சேற்றுக் காலோட வந்து படிக்கட்டில் இருந்துவிட்டார். படம் முடிய, சுறா மனிசன் நல்லவனா, ஹார்லி குவீன் இல்லாமல் இந்தப் படம் ஓடுமா என்று நாங்கள் வழமைபோலச் சண்டை. அண்ணை ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அந்தக் கழுத்துக்குள்ள வைச்ச சாமானை, கடைசியில எடுத்துவிட்டவங்களோ?"

ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. ஏனெண்டால் படம் அதைக் காட்டவேயில்லை.

படம் பாராதவைக்கு: அமண்டா வோலர் என்ற அரசாங்க அதிகாரி, மறியலில் இருக்கிற கெட்டவர்களைப் பொறுக்கி எடுத்து ஆபத்தான வேலைக்கு அனுப்புகிறாள். உயிரோட திரும்பினால் தண்டனையில் பத்து வருடம் குறையும். சொல்லுக் கேட்காமல் ஓடினால், கழுத்துக்குள் ஏற்கெனவே வைத்திருக்கிற சின்னக் குண்டை ஒரு பொத்தானில் வெடிக்க வைப்பாள். வில்லன் கூட்டணிப் படங்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இந்த எலும்புக்கூடுதான். சுத்தமான கையால் செய்ய ஏலாத ஒரு வேலை, அதற்கு ஏற்கெனவே 'கெட்டவன்' என்று எழுதப்பட்ட ஆட்கள், அவர்களைக் கட்டிவைக்க ஒரு கயிறு. பாதிவழியில், சொல்லப்பட்ட வேலை வேறு, உண்மையான வேலை வேறு என்று தெரியவரும். பிறகு ஒரு கட்டத்தில் கயிறு தளரும். அப்போது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் கதை நிற்கும் அல்லது விழும். சண்டைக் காட்சிகள் எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

எங்கட ஊரின் பேரே ஒரு கூட்டணிதான். இரணை என்றால் இரட்டை. பக்கத்துப் பக்கத்தில் கிடந்த இரண்டு மடுக்களை ஒரே அணைக்கட்டுக்குள் கொண்டுவந்த குளம், 1902 இல் தொடங்கி 1920 இல் முடிந்த வேலை. சரி, அது கிடக்கட்டும், படத்துக்கு வருவோம்.

ஆள் சேர்த்து ஒரு வேலைக்கு அனுப்பும் கதைக்கு சினிமாவில் பெரிய வழி திறந்தது குரோசாவாவின் 'செவன் சாமுராய்', 1954. கொள்ளைக்காரரிடமிருந்து ஊரைக் காக்க விவசாயிகள் சாமுராய்களைச் சேர்க்கிறார்கள். கொடுக்கிற கூலி மூன்று வேளைச் சோறு. ஹொலிவூட் அதை 1960 இல் 'த மக்னிஃபிசென்ட் செவன்' என்று கௌபோய்ப் படமாக்கியது. இரண்டிலும் சேர்ந்தவர்கள் விரும்பி வந்தவர்கள். அதனால் கயிறு தேவைப்படவில்லை.

கயிற்றைக் கொண்டுவந்தது 'த டேர்ட்டி டசின்'. 1967 இல் ரொபேர்ட் ஓல்ட்ரிச் இயக்கியது, ஈ. எம். நதான்சன் 1965 இல் எழுதிய நாவலில் இருந்து வந்தது. மரண தண்டனையும் நெடுங்கால வன்சிறையும் விதிக்கப்பட்ட 12 அமெரிக்கச் சிப்பாய்களை மேஜர் ரைஸ்மன் பயிற்றுவித்து, நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்னர் பிரான்ஸில் ஜேர்மன் அதிகாரிகள் கூடும் ஒரு மாளிகையைத் தாக்கக் கொண்டுபோகிறான். அவன் கட்டிய கயிறு இதுதான்: ஒருத்தன் ஓடினால் எல்லாருக்கும் பழைய தண்டனை. குண்டை விட இது கெட்டித்தனம். பக்கத்தில் படுக்கிறவனே காவல்காரன் ஆகிவிடுகிறான். கடைசியில் மாளிகையின் நிலவறைக்குள் ஆட்களைப் பூட்டிவைத்து, காற்றுத்துவாரத்தால் பெற்றோலும் கைக்குண்டும் போடுகிறார்கள். உள்ளே பெண்களும் இருக்கிறார்கள். பன்னிரண்டு பேரில் உயிரோட மிஞ்சுவது ஒருத்தன். அந்த நிலவறைக் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும், யார் வில்லன் என்ற கணக்குக் குழம்பும்.

அந்த எலும்புக்கூடு இந்தியாவுக்கு வந்தபோது கயிறே மாறிவிட்டது. 1975 ஓகஸ்ட் 15 இல் வெளிவந்த 'ஷோலே'யில், முன்னாள் பொலிஸ்காரர் தாக்கூர், தான் ஒருகாலம் பிடித்த இரண்டு கள்ளரைத் தேடிப் பிடிக்கிறார், கப்பர் சிங்கைப் பிடித்துத் தரச்சொல்லி. முதலில் கயிறு காசுதான். பிறகு, தாக்கூருக்கு இரண்டு கையும் இல்லை, கப்பர்தான் வெட்டினான் என்று தெரிந்ததும், காசு வேண்டாம், அவனை உயிரோட பிடித்துத் தாறம் என்கிறார்கள். கயிறு தானாக அவிழ்ந்த பிறகும் ஆள் நிற்கிறான். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகிற படத்தைத் தாங்குவது அந்த ஒரு திருப்பம். இன்னொன்றும் நடந்தது. தாக்கூரே கப்பரைக் கொல்வதாகத்தான் முடிவை எடுத்திருந்தார்கள். அவசரநிலைக் காலத் தணிக்கை அதை விடவில்லை. பொலிஸ் வந்து தடுப்பதாக மாற்றினார்கள். கெட்டவர்களைக் கொண்டு வேலை செய்விக்கலாம், கணக்கை முடிக்கிறது மட்டும் அரசாங்கத்தின் கையாக இருக்கவேண்டும். கதையின் கடைசிப் பக்கத்தை யார் எழுதுவது என்ற சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது.

காமிக்ஸ் பக்கம் போனால், 'சூசைட் ஸ்குவாட்' என்ற பேர் 1959 இலேயே இருக்கிறது. அதில் வில்லன்கள் கிடையாது, ஆபத்தான வேலைக்குப் போகிற ஒரு இராணுவக் குழு மட்டும். 1987 இல் ஜோன் ஒஸ்ட்ரான்டர் அந்தப் பழைய பேருக்குள் டேர்ட்டி டசினின் எலும்புக்கூட்டை வைத்து, வோலரையும் கொண்டுவந்தார். அப்போது வெடி கழுத்தில் இல்லை, கையில் காப்பு மாதிரி. சினிமாவுக்கு வந்தபோது அது உடம்புக்குள்ளேயே போய்விட்டது.

முதல் படம் 2016 இல், டேவிட் அயர் இயக்கியது. காசை அள்ளியது, ஒப்பனைக்கு ஒஸ்காரும் எடுத்தது, ஆனால் பார்த்தவர்களில் பாதிப்பேர் ஏசினார்கள். ஏன் விழுந்தது என்று நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிவது கயிற்றுப் பிழை. மதுக்கடைக் காட்சியில் அதிகாரி ஃப்ளாக், குண்டை வெடிக்க வைக்கிற போனை உடைத்துவிட்டு, நீங்கள் போகலாம் என்கிறான். கயிறு அறுந்துவிட்டது. இனி ஏன் போகிறார்கள்? சந்தித்து ஒரு நாள் ஆகாத ஆட்கள், கொஞ்ச நேரத்தில் ஒருத்தரை ஒருத்தர் குடும்பம் என்கிறார்கள். ஷோலேயில் வெட்டுப்பட்ட கைகள் செய்த வேலையை இங்கே ஒரு சொல் செய்யப் பார்க்கிறது. முடியவில்லை. வேலை முடிய எல்லாரும் திரும்பவும் மறியலுக்கே போகிறார்கள், ஹார்லிக்கு ஒரு கோப்பி மெஷின் கிடைக்கிறது. இவ்வளவுக்கும் அழிக்கப் போன சூனியக்காரியைத் தன் குழுவில் சேர்த்து வைத்திருந்ததே வோலர்தான். படம் அதைச் சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரிக் கடந்து போகிறது.

2021 படம் இந்தப் பிழையைப் படித்துத் திருத்தின படம். தொடக்கத்திலேயே ஒரு குழு கடற்கரையில் இறங்குகிறது, கிட்டத்தட்ட முழுப்பேரும் சாகிறார்கள். பயந்து நீந்தி ஓடுகிற ஒருத்தனின் தலையை வோலர் வெடிக்க வைக்கிறாள். அதுக்குப் பிறகுதான் தெரிகிறது, அது வெறும் கவனத் திருப்பல், உண்மையான குழு வேறு கரையில் இறங்கிவிட்டது. முதல் பதினைந்து நிமிடத்திலேயே கயிறு உண்மையானது என்று காட்டியாயிற்று. பிறகு காட்டுக்குள் ஒரு முகாம். பிளட்ஸ்போர்ட்டும் பீஸ்மேக்கரும் யார் கூடக் கொல்லுவது என்று போட்டி போட்டுக்கொண்டு அங்கிருந்தவர்களை ஒவ்வொருத்தராக முடிக்கிறார்கள். கடைசிக் கூடாரத்தைத் திறந்தால், ஃப்ளாக் உள்ளே தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிறான். கொல்லப்பட்டவர்கள் அவனைக் காப்பாற்றின, அரசுக்கு எதிரான போராளிகள். படம் அதைப் பகிடியாக வைத்திருக்கிறது. வேறு ஊரில் சிரித்திருப்பார்கள். விறாந்தையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. கன் பிழையாக எடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். 'பிழையான ஆட்களைச் சுட்டுப்போட்டம்' என்று தோளைக் குலுக்குகிற அந்த முகங்களைத்தான் அவர் காட்ட விரும்பியிருக்கலாம். ஆனால் வன்னியில் இருந்து அந்தக் கூடாரங்களைப் பார்க்கிறது வேறு.

உண்மையான வேலை பிறகு வெளிக்கிறது. அந்தத் தீவில் முப்பது வருடமாக ஒரு பிரமாண்ட நட்சத்திர மீனை வைத்து மனிதரில் பரிசோதனை. அதில் அமெரிக்க அரசுக்கும் பங்கு. குழுவை அனுப்பினது அந்த ஆதாரத்தை அழிக்க. வெளியே சொல்லுவன் என்று நின்ற ஃப்ளாக்கைப் பீஸ்மேக்கர் கொல்கிறான். ஆதாரத்தை அழித்தாயிற்று, மீன் ஊரைத் தின்றால் தின்னட்டும், திரும்பி வாங்கோ என்கிறாள் வோலர். பிளட்ஸ்போர்ட் திரும்பி ஊர்ப்பக்கம் நடக்கிறான். வோலர் பொத்தானில் கைவைக்கிறாள். அந்த நேரம் அவளின் அலுவலகத்தில் இருந்த ஒரு பெண் கோல்ஃப் மட்டையால் அவளை அடித்து விழுத்துகிறாள்.

எனக்குப் படத்திலேயே பெரிய காட்சி இதுதான். இதுவரை வந்த இந்த வகைக் கதைகளில் கயிறு ஒன்றில் கட்டினவன் கையால் அவிழும், இல்லாட்டிக் கட்டுப்பட்டவன் மனதால் அவிழும். இங்கே கணினித் திரைக்கு முன்னால் சம்பளத்துக்கு இருந்த லிகிதர்கள் அறுக்கிறார்கள். அவர்களுக்குச் சக்தி கிடையாது, உடுப்பும் கிடையாது. அவ்வளவு நேரமும், யார் முதலில் சாவது என்று பந்தயம் கட்டிக்கொண்டு இருந்த அதே ஆட்கள்.

இந்த இடத்தில் எனக்குக் கர்ணன் ஞாபகம் வந்தான். துரியோதனன், துச்சாதனன், சகுனி, கர்ணன் என்று நாலு பேரை ஒரு அணியாக எண்ணுகிற வழக்கம் பழையது. 'துஷ்ட சதுஷ்டயம்' என்பார்கள். வில்லன் கூட்டணிக்கு இதைவிடப் பழைய பேர் நான் கேள்விப்படவில்லை. ஆள் சேர்க்கும் காட்சியும் இருக்கிறது: போட்டி அரங்கில் பிறப்பைச் சொல்லி அவமானப்படுத்தப்பட்டவனை, துரியோதனன் அந்த இடத்திலேயே அங்கநாட்டு அரசன் ஆக்குகிறான். கயிற்றின் பேர் செஞ்சோற்றுக்கடன். பிறகு கயிறு தளர்கிறது, ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். கண்ணன் வந்து பிறப்பைச் சொல்லி அரசையும் தாறன் என்கிறான். குந்தி வந்து மகனே என்கிறாள். கதவு திறந்து கிடக்கிறது. கர்ணன் போகவில்லை. அருச்சுனனைத் தவிர மற்ற நாலு பேரைக் கொல்லேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, தோற்கப்போகிற பக்கத்திலேயே நிற்கிறான். மட்டக்களப்பின் வடமோடியிலும், தமிழ்நாட்டுத் தெருக்கூத்தின் 'கர்ண மோட்ச'த்திலும், 1964 இல் சிவாஜி நடித்த படத்திலும் சனம் விடிய விடிய அழுதது அந்த இடத்துக்குத்தான்.

பிளட்ஸ்போர்ட் கயிறு தளர்ந்ததும் வெளியேறி நல்லது செய்கிறான். கர்ணன் தளர்ந்த கயிற்றைத் தானே திரும்பக் கட்டிக்கொள்கிறான். 2016 படம் ஆசைப்பட்டது கர்ணனின் முடிவுக்கு, ஆனால் சோறு போட்ட காட்சியை எழுத மறந்துவிட்டது. எங்கட ஆட்கள் 2011 இல் எடுத்த 'மங்காத்தா'வில் எல்லாருமே கெட்டவர்கள், கயிறு 500 கோடி காசு. காசுக் கயிறு என்பதால் ஆளை ஆள் வெட்டி முடிந்தது. அதில் ஒரு நேர்மை இருக்கு.

'கெட்டவன்' என்ற பட்டியலை யார் எழுதுவது என்பதும் இந்தக் கதைகளின் கேள்விதான். அதற்கு இங்கேயே ஒரு கல் இருக்கிறது. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில் வெள்ளைக்காரர் நட்ட கல்லில், கப்டன் வொன் ட்ரிபேர்க் 1803 ஒக்ரோபர் 31 இல் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று இருந்தது. அந்தக் கல்லுக்கு அவன் கலகக்காரன். முல்லைமணி 'பண்டாரவன்னியன்' நாடகம் எழுதினார், வவுனியாவில் சிலை நிற்கிறது, இங்கே அவன் நாயகன். மேடையில் நாயகன் தோற்க ஒரு காரணம் வேண்டும், அதனால் வில்லன் பாத்திரம் காக்கைவன்னியனுக்குப் போனது. கல்லுக்குத் துரோகி தேவைப்படவில்லை, நாடகத்துக்குத் தேவைப்பட்டது.

மார்வெலின் 'தண்டர்போல்ட்ஸ்' 1997 இல் இதைத்தான் விளையாட்டாகச் செய்தது. புதுசாக ஒரு வீரர் குழு வருகிறது, ஊர் கொண்டாடுகிறது, முதல் இதழின் கடைசிப் பக்கத்தில் அவர்கள் எல்லாரும் முகமூடி மாற்றின பழைய வில்லன்கள் என்று தெரிகிறது. 2025 இல் வந்த படத்தில் (பாராதவை இந்தப் பந்தியைத் தாண்டுங்கோ) வலன்டீனா என்ற அதிகாரி, தனக்காக இருட்டில் வேலை செய்தவர்களை ஒரே நிலவறைக்குள் அனுப்பி, ஒருத்தரை ஒருத்தர் கொல்ல வைத்து, மிச்சத்தை எரித்துவிடப் பார்க்கிறாள். அவர்கள் தப்பி, அவளைப் பிடிக்க வருகிறார்கள். அவள் சட்டென்று கமெராக்களுக்கு முன்னால் நிறுத்தி, இவைதான் புது அவெஞ்சர்ஸ் என்று அறிவித்துவிடுகிறாள். கயிறு இப்போது கைதட்டல்.

அண்ணையின் கேள்விக்கு வாறன். 2009 க்குப் பிறகு, அரசாங்கக் கணக்கில் 12,000 அளவான ஆட்கள் புனர்வாழ்வு முகாம்களுக்குள்ளால் வந்தவர்கள். அவர் அதில் ஒராள். தண்டனைக் குறைப்பு, கையெழுத்து, விடுதலை, விடுதலைக்குப் பிறகும் வந்து விசாரிக்கிறது, இதெல்லாம் எங்களுக்குத் திரைக்கதைச் சொற்கள். படத்தின் கடைசியில் பிளட்ஸ்போர்ட் ஆதாரத்தின் பிரதியை ஒளித்துவைத்து, எங்களை விடாட்டி வெளியிடுவன் என்று வோலரை மிரட்டுகிறான். அவள் ஒத்துக்கொள்கிறாள். ஹெலிகொப்டரில் போகிறார்கள், பாட்டு, பெயர்கள். குண்டு எடுக்கிற காட்சி கிடையாது. நான் திரும்பவும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இரண்டு நாள் கழித்து அவருக்குச் சொன்னேன்.

"காட்டேல்லை அண்ணை. விட்டிட்டான் எண்டு மட்டும் இருக்கு."

"ஓ," என்றார். வாய்க்காலில் அடைச்சுக் கிடந்த சல்வீனியாவை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டு நின்றவர், கொஞ்சம் பொறுத்து, "அந்த எலி பிடிக்கிற பிள்ளை தப்பீட்டாள் தானே?" என்று கேட்டார். தப்பீட்டாள் என்றேன்.

அடுத்த முறை ஷோலே போடப்போறம். தன்ர தண்ணி முறை வராத நாளாப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.