கேமராவுக்கு வால் முளைத்த கதை

வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்கும் வீடியோ கேமரா எப்போது பிறந்தது என்றால், விஷயம் தெரிந்தவர்கள் 1983 என்பார்கள். சோனியின் 'பீட்டாமூவி' வந்த ஆண்டு அது. அதற்கு முன் கேமரா தனி, ரெக்கார்டர் தனி. ஒன்றைக் கையில் பிடித்து மற்றதைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு அலைய வேண்டும். இரண்டையும் ஒரே உடம்பில் அடைத்தது பீட்டாமூவி. எடை என்னவோ இரண்டரை கிலோ. எடுத்ததை அதிலேயே போட்டுப் பார்க்கவும் முடியாது. கேசட்டைக் கழற்றி வீட்டு டெக்கில் போட்ட பிறகுதான், பிறந்தநாள் குழந்தை பாதி நேரம் படத்துக்கு வெளியே நின்றது தெரியவரும்.

மறு ஆண்டே ஜேவிசியின் ஜிஆர்-சி1 அந்தக் குறையைத் தீர்த்தது. 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் வருகிறதே, அந்தச் சிவப்புக் கேமராதான். 1989இல் சோனியின் டிஆர்55 வந்தபோது எடை 790 கிராமுக்கு இறங்கியிருந்தது. பாஸ்போர்ட் அளவுதான் என்று விளம்பரம் செய்தே விற்றார்கள்.

என்னைக் கேட்டால், இதில் எதையும் பிறப்பு என்று சொல்ல மாட்டேன். எடுப்பது எளிதாகிக்கொண்டே போனது. எடுத்ததை வெட்டி ஒட்டத்தான் வழியில்லை. இரண்டு டெக்குகளை வயரால் இணைக்க வேண்டும். ஒன்றில் மூலக் கேசட், மற்றதில் வெற்றுக் கேசட். வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, இங்கே ப்ளே, அங்கே பாஸை விடுவி. டேப் வேகம் பிடிப்பதற்குள் கேக் வெட்டி முடிந்திருக்கும். மறுபடி ரீவைண்ட். இவ்வளவு பாடுபட்டு எடுத்த பிரதியும் மூலத்தைவிட மங்கலாகத்தான் இருக்கும். அதிலிருந்து இன்னொரு பிரதி எடுத்தால் உடையின் சிவப்பு ஓரம் தாண்டி வழியும், முகம் கரையும். அதனால்தான் பெரும்பாலான குடும்பக் கேசட்டுகள் வெட்டப்படாமலே அலமாரிக்குப் போயின.

நான் பிறப்பு என்று சொல்வது 1995இல் வந்த சோனியின் டிசிஆர்-விஎக்ஸ்1000ஐத்தான். படத்தை எண்களாக எழுதும் டிவி (DV) ஃபார்மட், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேசட், பக்கவாட்டில் நான்கு முனை கொண்ட ஒரு சின்னத் துளை. ஆப்பிளில் ஃபயர்வயர் என்ற பெயரில் வளர்ந்து, அதே ஆண்டில் ஐஇஇஇ 1394 என்ற தரமாக ஏற்கப்பட்ட இணைப்பு அது. அதில் ஒரு வயரைச் செருகினால் டேப்பில் உள்ள எண்கள் அப்படியே கம்ப்யூட்டருக்கு இறங்கும். எத்தனை முறை பிரதி எடுத்தாலும் மங்காது. டிவி ஃபார்மட் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சுருக்குவதால் எந்த இடத்திலும் வெட்டலாம்.

வயர் வந்துவிட்டது, மறுமுனைதான் தயாராக இல்லை. ஒரு மணி நேர டேப்புக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். 1999இல் ஐமூவி என்ற எடிட்டிங் மென்பொருளோடு வந்த ஆப்பிளின் ஐமேக் டிவி-யின் ஹார்டு டிஸ்க்கே 10 ஜிபிதான்! ஆனாலும் வீட்டு மேஜையில் உட்கார்ந்து வெட்டலாம் என்று காட்டியது அந்த மெஷின்தான். அடுத்த ஆண்டு விண்டோஸிலும் மூவி மேக்கர் வந்தது.

அந்த நாட்களில் கேமரா வாங்கப் போனவர்களிடம் கடைக்காரர்கள் டிஜிட்டல் ஜூம் பல நூறு மடங்கு என்று அளந்தார்கள். அது படத்தைப் பிய்த்துப் பெரிதாக்குவதைத் தவிர ஒன்றும் செய்யாது. பார்க்க வேண்டியது துளையைத்தான். அதிலும் ஐரோப்பாவில் ஒரு கூத்து: வெளியிலிருந்து சிக்னல் வாங்கிப் பதியும் கேமரா சுங்கக் கணக்கில் வீடியோ ரெக்கார்டர் ஆகிவிடும், வரி கூடும். அதனால் பல மாடல்களில் உள்வாங்கும் வசதியை முடக்கியே விற்றார்கள். வெட்டி முடித்த படத்தைத் திரும்ப டேப்பில் ஏற்ற முடியாமல் அங்கே பலர் விழித்தார்கள்.

பிறகு வந்த டிவிடி கேமராவை நான் யாருக்கும் சிபாரிசு செய்திருக்க மாட்டேன். டிஸ்க்கை எடுத்துப் ப்ளேயரில் போட்டால் படம் ஓடும், உண்மைதான். ஆனால் அது எம்பெக்-2. இடையிடையே ஒரு முழு ஃபிரேமை வைத்து, நடுவில் மாறியதை மட்டும் எழுதிவைக்கும். அன்றைய வீட்டு மென்பொருள்கள் அதை வெட்டத் திணறின.

1999இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்8-க்குத்தான் இன்னும் வேலை இருக்கிறது. டிவி ஃபார்மட்டின் அதே எண்களை ஹைஎய்ட் கேசட்டில் எழுதிய கேமரா அது. அதன் பல மாடல்கள் பழைய அனலாக் எய்ட் எம்எம் டேப்பையும் ஓட்டி, ஃபயர்வயர் வழியே டிஜிட்டலாக அனுப்பும். அலமாரியில் அந்த டேப் வைத்திருப்பவர்கள் செகண்ட் ஹேண்டில் ஒன்று தேடலாம். வாங்கும் முன் அனலாக் டேப்பை ஓட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பின்னாளில் வந்த சில மாடல்களில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.