பாரிஸ் 72 நாட்கள் – 6: உளியும் தூரிகையும்

1871 மார்ச் 28. நகராட்சி மாளிகை வாசலில் பாரிஸ் கம்யூன் முறைப்படி அறிவிக்கப்பட்டு, வாழ்த்தொலி விண்ணைப் பிளந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். ஆரவாரம் அடங்கியதும் எழுந்தது முதல் கேள்வி. இனி இந்த நகரத்தை நடத்தப்போவது யார்?

வெர்சாய் நகருக்குப் பின்வாங்கிய பிரெஞ்சு அரசுத் தலைவர் தியேர், அரசின் உயர் அதிகாரிகளையும் அங்கே வரவழைத்துக்கொண்டார். தபால் துறைத் தலைவர் ரம்போன்கூடத் தன் ஊழியர்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடிதப் போக்குவரத்து நின்றது.

காலியான நாற்காலிகளில் பட்டறைக்காரர்கள் வந்து அமர்ந்தார்கள். தபால் துறையைக் கையில் எடுத்த ஆல்பெர் தெஸ், வெண்கலத்தில் நுண்வேலை செதுக்கும் தொழிலாளி. மிஞ்சியிருந்த ஊழியர்களை வைத்துக்கொண்டே சில நாட்களில் நகருக்குள் தபாலை ஓடவைத்தார். தொழிலாளர் நலக் குழுவை நடத்திய லியோ ஃப்ராங்கெல் ஹங்கேரியிலிருந்து வந்த நகைத் தொழிலாளி. பேக்கரித் தொழிலாளர்கள் இரவெல்லாம் அடுப்படியில் வேகும் கொடுமைக்கு ஏப்ரல் 20 அன்று தடை வந்தது அவர் காலத்தில்தான். நிதிப் பொறுப்பில் இருந்த எழென் வார்லன் புத்தக பைண்டர். அதே தொழிலைச் செய்த நதாலி லெமெல், பெண்கள் சங்கத்தின் முன்னணியில் நின்றார்.

நாணயச் சாலைக்குப் போனவர் செஃபிரென் கமேலினா, இவரும் வெண்கல வேலைக்காரர். அரசு மாளிகைகளில் கிடந்த வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி 5 ஃப்ராங்க் காசுகளை அச்சடித்தார். காசின் ஓரத்தில் மிகச் சிறிதாக ஒரு திரிசூலம் இருக்கும். அதுதான் கமேலினாவின் முத்திரை. இன்றும் நாணயச் சேகரிப்பாளர்கள் அந்தத் திரிசூலத்தைத் தேடித்தான் பூதக்கண்ணாடியை எடுக்கிறார்கள். இத்தனை பொறுப்புக்கும் சம்பளம் என்ன? எவ்வளவு பெரிய பதவியானாலும் ஆண்டுக்கு 6,000 ஃப்ராங்குக்கு மேல் கிடையாது என்று கம்யூன் வரம்பு கட்டியிருந்தது.

கைவினைஞர்கள் அலுவலகங்களுக்குள் நுழைந்துவிட்டார்கள். ஓவியர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஏப்ரல் 13. மருத்துவக் கல்லூரியின் பெரிய அரங்கில் சுமார் 400 கலைஞர்கள் கூடினார்கள். தலைமை, புகழின் உச்சியில் இருந்த ஓவியர் குஸ்தாவ் கூர்பே. அங்கே வாசிக்கப்பட்ட அறிக்கையை எழுதியவர் எழென் பொத்தியே. துணிகளுக்குப் பூ வடிவங்கள் வரைந்து பிழைத்தவர், கவிஞர். கலையை நிர்வகிக்க வேண்டியவர்கள் கலைஞர்களே, அரசு அல்ல என்றது அறிக்கை. அங்கிருந்து பிறந்த கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் 47 பேர். ஓவியர் 16, சிற்பி 10, கட்டடக் கலைஞர் 5, செதுக்கோவியர் 6. மீதி 10 இடங்கள் அலங்காரக் கலைஞர்களுக்கு.

அந்தப் 10 இடங்களில்தான் புரட்சி இருந்தது. துணிக்கும் நாற்காலிக்கும் அழகு சேர்த்தவர்கள் அதுவரை வெறும் கூலிக்காரர்கள். தங்கள் படைப்பில் தங்கள் பெயரைப் பொறிக்கும் உரிமைகூட அவர்களுக்கு இல்லை. அவர்களை ஓவியருக்கும் சிற்பிக்கும் சமமாக உட்காரவைத்தது கம்யூன். எத்தனையோ அரசாணைகளைவிட இதையே அதன் பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன்.

இந்தச் சமத்துவத்தை வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு: நெப்போலியன் கையார். காலணி தைப்பவர். ஆனால் தன்னைக் 'காலணிக் கலைஞர்' என்றே எழுதிக்கொள்வார். தெருத் தடுப்பரண்கள் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தபோது, கான்கார்ட் சதுக்கத்தின் முனையில் கோட்டைபோல ஒரு அரண் எழுப்பினார். பிறகு அதன் முன்னால் கம்பீரமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். ஒரு சிற்பி தன் சிலையருகே நிற்பதைப் போல!

அடுத்து வந்தது வாந்தோம் தூண். ஆஸ்டர்லிட்ஸ் போரில் பிடித்த பீரங்கிகளின் வெண்கலத்தைப் போர்த்து, முதலாம் நெப்போலியன் எழுப்பிய 44 மீட்டர் வெற்றித் தூண். அதை அப்புறப்படுத்தலாம் என்று 1870 செப்டம்பரிலேயே யோசனை சொன்னவர் கூர்பே. ஆனால் இடிக்கும் ஆணையைக் கம்யூன் பிறப்பித்தது ஏப்ரல் 12 அன்று. கூர்பே கம்யூனுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது 16 அன்று. இந்த நான்கு நாள் வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்.

மே 16. தூணின் அடிப்பாகத்தைச் சரிவாக அறுத்திருந்தார்கள். அது விழும் இடத்தில் வைக்கோலும் எருவும் குவித்திருந்தார்கள். பிற்பகலில் வடக்கயிறு இறுகியது. தூண் அசையவில்லை, இழுவை இயந்திரம்தான் முறிந்தது. கூட்டம் கலையாமல் காத்திருந்தது. மீண்டும் இழுத்தார்கள். மாலை ஐந்தரை மணி அளவில் தூண் சாய்ந்து துண்டு துண்டானது. நெப்போலியன் சிலையின் தலை தனியே உருண்டது.

தூணை மீண்டும் எழுப்பும் செலவுக் கணக்கு பின்னாளில் ஒரே ஒரு மனிதர் தலையில் விழுந்தது. ஆணை பிறந்த நாளில் அவையிலேயே இல்லாத கூர்பேயின் தலையில்! எத்தனை லட்சம் ஃப்ராங்க், எத்தனை ஆண்டுத் தவணை, முதல் தவணை நாளுக்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்பதைத் தொடரின் இறுதியில் பார்ப்போம்.

மே 21, ஞாயிறு. உயிரிழந்த காவல்படை வீரர்களின் மனைவி மக்களுக்கு நிதி திரட்ட, துய்லரி தோட்டத்தில் இசைக் கச்சேரி. முடிவில் ஒரு அதிகாரி மேடையேறி, பாரிஸுக்குள் நுழைந்துவிடுவதாகச் சொன்ன தியேர் இன்னும் வரவில்லை, அடுத்த ஞாயிறும் இங்கே வாருங்கள் என்று மக்களை அழைத்தார். கைதட்டல் எழுந்தது.

ஆனால் அன்று பிற்பகலிலேயே நகரின் தென்மேற்கில், காவல் இல்லாத சாங்-க்ளூ வாயில் அருகே, கோட்டைச் சுவர் மீது ஏறிய ஒருவர் வெர்சாய் படைகளை நோக்கி வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டியிருந்தார். படைகள் உள்ளே வந்துகொண்டிருந்தன.

அந்த மனிதர் யார்? கையாரின் அரண் எத்தனை நாள் தாங்கியது? அடுத்த வாரம்.