இமைக்குள் பதித்த பொன்

முக வாதத்தில், அதாவது முகத் தசைகளை இயக்கும் ஏழாம் மண்டை நரம்பு செயலிழக்கும் நிலையில், வாய் கோணுவதைவிடக் கொடியது கண் மூடாமற்போவதே. மூடாத விழி உலர்ந்து, கருவிழி புண்பட்டு, பார்வையே பறிபோகக்கூடும். 1821இல் லண்டனில் சார்லஸ் பெல் முக நரம்புகளைப் பற்றிய தம் ஆய்வை வெளியிட்ட பின்னரும், நெடுங்காலம் அறுவை மருத்துவர்கள் இமை விளிம்புகளை ஓரளவு சேர்த்துத் தைத்தே கண்ணைக் காத்தனர். கண் பிழைத்தது, ஆனால் பார்வைப் பரப்பு குறுகியது, முகத் தோற்றமும் மாறியது.

1958இல் ஜெர்மானிய மருத்துவர் இல்லிக், மேலிமைக்குள் பொன் எடையைப் பதிக்கும் முறையை வெளியிட்டார். இமையை உயர்த்தும் தசை மூன்றாம் மண்டை நரம்பால் இயங்குவதால் முக வாதம் அதனைத் தீண்டுவதில்லை. அத்தசை தளரும் கணத்தில், ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள பொன், புவியீர்ப்பினால் இமையைக் கீழிறக்கிவிடுகிறது. இழந்த தசையின் வேலையை ஓர் உலோகத் துண்டிடம் ஒப்படைத்த இந்தச் சிந்தனை, மருத்துவ வரலாற்றின் அழகிய தீர்வுகளுள் ஒன்று எனத் தயங்காமல் கூறலாம். அறுவைக்கு முன் வெவ்வேறு எடைகளை இமையின் மேல் ஒட்டிப் பார்த்தே தக்க அளவைத் தேர்ந்தனர்.

எனினும் படுத்திருப்பவருக்குப் புவியீர்ப்பு துணைநிற்பதில்லை. விசையால் இமையை மூடும் மெல்லிய கம்பிச் சுருளை 1964இல் மொரெல்-ஃபாசியோவும் லாலார்ட்ரியும் பிரான்சிலிருந்து அறிமுகப்படுத்தினர். பின்னாளில், பொன்னைவிட அடர்த்தி மிகுந்ததாகையால் மெலிதாக வார்க்கத்தக்க பிளாட்டினம், இமையின் வளைவுக்கு இசையும் சிறு சங்கிலியாகவும் வடிவம் பெற்றது.