குப்பி விளக்கிலிருந்து வைஃபை பல்ப் வரை



கிரான் பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் கேட்கிறார்கள்: போனில் தட்டினால் எரிகிற ஸ்மார்ட் பல்ப் போடலாமா, கொடுக்கிற காசுக்கு அது தகுமா? வரலாறு படிப்பிக்கிறவனிடம் கேட்டால் பழங்கதை வராமல் இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் நமக்கு லேசில் வரவில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின்சாரம் பற்றிய தன் கட்டுரையை வாசித்தது 1918-இல். லக்சபானவின் முதற்கட்டம் இயங்கியது 1950-இல். மலைநாட்டுக் கரண்ட் வாவிக்கரைக்கு வர இன்னும் காலம் பிடித்தது, பிறகு போர். குப்பி விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர்கள் இன்றும் நம் நடுவில் இருக்கிறார்கள்.

அந்த விளக்கை நினைத்து இப்போது சிலர் உருகுகிறார்கள். எனக்கு அந்த உருக்கம் இல்லை. வெறும் போத்தல், மூடியில் ஒரு துளை, துணித்திரி. கால் பட்டால் சாயும், மண்ணெண்ணெய் சிந்தும், பாயில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தீப்பிடிக்கும். இப்படி எரிந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 'சுதீப' விளக்கை உருவாக்கினார். குட்டையான, கனத்த கண்ணாடிப் போத்தல். பக்கங்கள் தட்டை என்பதால் உருளாது. திருகுமூடி என்பதால் சாய்ந்தாலும் எண்ணெய் கொட்டாது. மாமைட் போத்தலைப் பார்த்து வந்த யோசனை! 1998-இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. என் கணக்கில் இந்த நாட்டின் முதல் ஸ்மார்ட் விளக்கு அதுதான். விழுந்தால் என்னவாகும் என்று யோசித்துச் செய்யப்பட்ட விளக்கு.

வைஃபை பல்பை அப்படி யோசித்தார்களா? பிலிப்ஸ் ஹியூ 2012-இல் சந்தைக்கு வந்தது. நடுச்சாமத்தில் கரண்ட் போய் வந்தால் வீட்டுப் பல்புகள் எல்லாம் முழு வெளிச்சத்தில் எரிந்து ஆட்களை எழுப்பின. அதைத் தடுக்கும் வசதி 2018-இல்தான் வந்தது. நாமோ 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்கள். 2025 பெப்ரவரி 9-இல் பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டதாக அமைச்சர் சொன்னார்.

கரண்ட் இருந்தாலும் இன்னொருவர் கையில் அது நிற்கலாம். அமெரிக்காவின் இன்ஸ்டியோன் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவித்தல் இல்லாமல் சேர்வர்களை நிறுத்தியது. போனில் இயக்கிப் பழகியவர்கள் திகைத்து நின்றார்கள்.

எழும்ப முடியாத உம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ படுக்கையிலிருந்தே விளக்குப் போட முடிந்தால் அது பெரிய உதவி, காசைப் பார்க்காதீர்கள். சஹருக்குத் தானாக எரிவதும் நல்லதுதான், ஆனால் அதற்குச் சாதாரண டைமர் போதும். அணைத்திருக்கும்போதும் ஸ்மார்ட் பல்ப் போனின் கட்டளைக்காகக் காத்திருக்கக் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். பழக்கத்தில் யாராவது சுவர் சுவிட்சை நிறுத்திவிட்டால் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

மழைக்குப் புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்தில் மூழ்கும் ஊர் இது. முதலில் ரீசார்ஜ் பல்ப் இரண்டு வாங்கி வையுங்கள். பிறகும் ஆசை இருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள்: இன்டர்நெட் இல்லாமல் இது வேலை செய்யுமா? கரண்ட் போய் வந்தால் எந்த நிலையில் எரியும்?