கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியின் குருதியோட்டமும் எம்.ஆர்.ஐ.யும்

ஒரே அளவு கதிர்வீச்சு பெற்றும் சில கட்டிகள் கரைகின்றன, சில அசையாமல் நிற்கின்றன. கருப்பைவாய்ப் புற்றுநோயில் குருதியோட்டத்தை எம்.ஆர்.ஐ. கொண்டு அளக்கும் முயற்சி இந்தப் புதிரிலிருந்தே பிறந்தது. ஆக்சிஜன் குறைந்த செல்கள் கதிர்வீச்சைத் தாங்கிக்கொள்வதை 1953இல் இங்கிலாந்தில் எல். எச். கிரேயும் சகாக்களும் எடுத்துக்காட்டினர். கட்டிக்குள் ஆக்சிஜனைக் கொண்டுசேர்ப்பது குருதிதான்.

1990களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மைக்கேல் ஹெக்கல் குழுவினர் ஊசி வடிவ மின்முனையைக் கட்டிக்குள் செலுத்தி ஆக்சிஜன் அழுத்தத்தை நேரடியாக அளந்தனர். இடைநிலை அளவு 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ் இருந்த பெண்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்தது. ஆனால் ஊசி படும் இடங்களை மட்டுமே அப்படி அறிய முடியும். நோயாளிக்கும் அது வேதனை.

1980களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்த, எம்.ஆர்.ஐ. படத்தில் திசுக்களை ஒளிரச்செய்யும் கடோலினியம் மருந்து வேறு வழி திறந்தது. மருந்தை நாளத்தில் செலுத்தியதும் சில விநாடிகளுக்கு ஒரு படம் என அடுத்தடுத்து எடுத்தால், கட்டியின் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு விரைவாக, எவ்வளவு அதிகமாக ஒளிர்கிறது என்பது தெரியும். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நீனா மேயர் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. சிகிச்சைக்கு முன்பும், கதிர்வீச்சு தொடங்கி இரண்டு வாரமளவிலும் அவர்கள் படமெடுத்தனர். நன்றாக ஒளிர்ந்த கட்டிகளே சிகிச்சைக்கு நன்கு இணங்கின. குருதி கட்டியை வளர்ப்பது என்று மட்டுமே எண்ணிப் பழகியவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். கட்டி சுருங்கத் தொடங்குமுன்பே விளைவை ஊகிக்க வழி பிறந்ததுதான் இதன் பெரும்பயன். சிகிச்சையை மாற்ற அப்போது இன்னும் காலம் இருக்கிறது.

அதே குழு பின்னர் கட்டி முழுவதன் சராசரியை விட்டு, படப்புள்ளிகளில் மிகக் குறைவாக ஒளிர்ந்த பத்து விழுக்காட்டைக் கவனித்தது. நோய் மீள்வது இத்தகைய வறண்ட மூலைகளிலிருந்தாக இருக்கலாம் என்பதால் இது நுட்பமான முன்னேற்றம். 2000இல் மான்செஸ்டர் ஆய்வாளர்கள், எம்.ஆர்.ஐ. அளவுகள் மின்முனை அளவுகளோடு ஒத்துப்போவதைக் கண்டனர். 2012இல் ஆஸ்லோ குழு எம்.ஆர்.ஐ. அளவுகளை ஆக்சிஜன் பற்றாக்குறையால் தூண்டப்படும் மரபணுக்களின் செயல்பாட்டோடு இணைத்துக் காட்டியது.

ஒளிர்வில் குருதியோட்டத்தோடு நாளச் சுவரின் கசிவும் கலந்திருப்பதால் கணக்கிடுவது எளிதன்று. கருவிக்குக் கருவி, கணித மாதிரிக்கு மாதிரி எண்கள் மாறுகின்றன. கடுமையான சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குக் கடோலினியம் மருந்தைத் தருவதிலும் எச்சரிக்கை தேவை. ஃபிகோ எனும் பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பு 2018இல் திருத்திய நோய்நிலைப் பகுப்பு படமெடுப்புச் சான்றுகளை ஏற்றுக்கொண்டபோதும், நோயின் நிலையைக் கட்டியின் அளவும் பரவலும் தீர்மானிக்கின்றன. குருதியோட்டம் அதில் இடம்பெறவில்லை.