மழைக்கு ஒரு அடிக்கட்டை

அமெரிக்காக்காரர்களை விருந்துக்கு அழைத்து, அவர்களால் வர முடியாமல் போனால் "ரெயின் செக்" என்பார்கள். இன்று முடியவில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று பொருள். பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் நம்மில் பலர் இந்தச் சொல்லைத் தொலைபேசியில் கேட்டிருப்போம். இது பேஸ்பால் மைதானத்தின் வாசலில் பிறந்த சொல்.

பேஸ்பால் ஒன்பது சுற்று ஆட்டம். மழை பலமானால் நிறுத்திவிடுவார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவன் கதி என்ன? அந்தக் காலத்தில் வாசலில் கெட்டி அட்டைச் சீட்டை வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விடுவார்கள். மழையால் ஆட்டம் நின்றால், வெளியே போகிறவர்களுக்கு ஒரு அட்டையைத் திருப்பித் தருவார்கள். வேலி தாண்டிக் குதித்தவனும் அந்த வரிசையில் நின்று ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போவான்! நியூ ஆர்லியன்ஸ் அணியை நடத்திய ஆப்னர் பவல், 1880களின் கடைசியில், கிழித்துத் தரும் அடிக்கட்டையோடு சீட்டு அச்சடித்து இதற்கு முடிவு கட்டினார் என்று சொல்வது வழக்கம். அவருக்கு முன்பே வேறு ஊர்களில் அது இருந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

ஆயுளில் பாதியை ரசீதுப் புத்தகங்களோடு கழித்தவன் நான். அடிக்கட்டையின் அருமை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த பிரெஞ்சில் இதற்கு "சூஷ்" என்று பெயர். வெட்டிய மரத்தின் அடிக்கட்டைக்கும் அதே சொல்தான். தமிழிலும் அப்படியே இருப்பதைப் பார்த்து அந்த வயதிலேயே வியந்திருக்கிறேன்.

ஆனால் சீட்டு கையில் இருந்தால் போதாது. ஐந்து சுற்று முடிந்துவிட்டால் அது முழு ஆட்டமாகவே கணக்கு. அதற்குப் பிறகு மழை கொட்டி ஆட்டத்தை நிறுத்தினாலும், முன்னணியில் இருந்த அணி வென்றதாகிவிடும். பார்க்க வந்தவனுக்கு மறுநாள் சீட்டு கிடையாது. நான்காவது சுற்றில் நனைந்தவனுக்கு இன்னொரு ஆட்டம் உண்டு, ஆறாவது சுற்று வரை பொறுமையாக நனைந்தவனுக்கு ஒன்றும் இல்லை. நம் அலுவலக விதிகளே தேவலை என்று தோன்றும்.

விதி இப்படி இருந்தால் சூழ்ச்சியும் வரும்தானே. 1941 ஆகஸ்டு 15 அன்று வாஷிங்டன் அணி தன் சொந்த மைதானத்தில் 6-3 என்று பாஸ்டனை முந்தி நின்றபோது மழை வந்தது. ஆடுகளத்தின் மேல் தார்ப்பாய் விரிக்க ஆட்களைக் காணோம். களம் சேறாகி ஆட்டம் நின்றது, வெற்றி வாஷிங்டனுக்கு. பாஸ்டன் முறையிட்டது. லீக் தலைவர் வில் ஹாரிட்ஜ் தீர்ப்பைப் புரட்டி, ஆட்டத்தை பாஸ்டனுக்கே கொடுத்துவிட்டார். நல்ல தீர்ப்பு. நனைந்த சனத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கூரை போட்ட ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமிலேயே 1976 ஜூன் 15 அன்று மழையால் ஆட்டம் ரத்தானது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஊரெல்லாம் வெள்ளம், நடுவர்களால் வந்து சேர முடியவில்லை. இரண்டு அணி ஆட்டக்காரர்களும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது 2008இல் நடந்தது. பிலடெல்பியாவில் வேர்ல்டு சீரிஸ் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம், அக்டோபர் 27, திங்கள் இரவு. உள்ளூர் அணி வென்றால் கோப்பை, 1980க்குப் பிறகு முதல் தடவை. என் மாப்பிள்ளை அங்கே போயிருந்தார். குளிர், மழை, களத்தில் தேங்கிய தண்ணீர். ஐந்து சுற்று முடிவில் பிலடெல்பியா 2-1. ஆறாவதின் முதல் பாதியில் டாம்பா பே சமன் செய்தது, 2-2. அத்தோடு நிறுத்தினார்கள். முடிவு தெரியாமல் நாற்பத்தையாயிரம் பேர் நனைந்துகொண்டே வீடு திரும்பினார்கள். ஓட்டல் அறைகளைக் காலி செய்துவிட்டிருந்த டாம்பா அணி, தங்க இடம் தேடிப் பக்கத்து மாநிலமான டெலவேரில் உள்ள வில்மிங்டனுக்குப் போனது.

செவ்வாயும் மழை. புதன் இரவு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். மீதி இருந்தது மூன்றரை சுற்று ஆட்டம். திங்கட்கிழமைச் சீட்டின் அடிக்கட்டை இருந்தால் உள்ளே போகலாம். மாப்பிள்ளைக்கு அன்று இரவு வேலை, மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஈரத்தில் ஊறிச் சுருண்டுபோயிருந்த அந்தத் துண்டை மகள் புத்தகத்துக்குள் வைத்து அழுத்தி நேராக்கி, பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தாள். பிலடெல்பியா 4-3. ஊரே தெருவுக்கு வந்து கூத்தாடியது. அந்தச் சத்தத்தை மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்து ஜன்னல் வழியாகத்தான் கேட்டார்.

அடுத்த ஆண்டிலிருந்து இறுதிக்கட்ட ஆட்டங்கள் எதையும் பாதியில் முடிக்கக்கூடாது, ஒன்பது சுற்றும் ஆடியே தீரவேண்டும் என்று விதி எழுதினார்கள்.