யாரென்று அறியாமல் அழைப்பது: சி++ மொழியில் கால்பேக்கின் வரலாறு

திரையில் தோன்றும் பொத்தானை எழுதுபவர் ஒருவர்; அது அழுத்தப்படும்போது நடக்க வேண்டியதை எழுதுபவர் வேறொருவர். முன்னவர் தம் நிரலை நூலகமாக வெளியிட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே பின்னவர் எழுதத் தொடங்கக்கூடும். அப்படியாயின் பொத்தான் எவரை அழைக்கும்? பின்னவர் தம் செயற்கூற்றைப் பொத்தானிடம் முன்கூட்டியே ஒப்படைத்துவிடுவார். உரிய வேளையில் பொத்தான் அதனை அழைக்கும். இதுவே கால்பேக்.

சி மொழி இதற்குத் தந்த விடை, ஒரு செயற்கூறு சுட்டியும் ஒரு வாய்ட் சுட்டியும். எக்ஸ் விண்டோவின் பொத்தான்கள் இம்முறையிலேயே இயங்கின. வாய்ட் சுட்டி எத்தரவையும் சுட்டும். ஆனால் அத்தரவு எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மறந்துவிடும். வகையை நினைவில் வைத்து மீட்டெடுப்பது நிரலரின் பொறுப்பு. நினைவு பிசகினால் கம்பைலர் எச்சரிக்காது; நிரல் ஓடும்போதுதான் குலையும்.

பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய பணி சி++ மொழியாக வளர்ந்தபோது, புதியதொரு சிக்கலும் எழுந்தது. இனக்குழுவின் உறுப்புச் செயற்கூறு தனித்து இயங்காது. எந்தப் பொருளின்மேல் இயங்க வேண்டும் என்பதையும் அதற்குச் சொல்லியாக வேண்டும். எனவே சாதாரணச் செயற்கூறு சுட்டிக்குள் அது அடங்கவில்லை. அழைக்கப்படுவோர் அனைவரும் ஒரே மூல இனக்குழுவின் வழிவர வேண்டும் என்பது ஒரு தீர்வு. அதுவோ, தொடர்பற்றவர்களின்மீது தேவையற்ற உறவைத் திணித்தது.

வழி திறந்தது டெம்ப்ளேட். வகையின் இடத்தை வெற்றிடமாக விட்டு எழுதினால், பயன்படும் இடத்தில் கம்பைலரே அதனை நிரப்பிக்கொள்ளும். 1988இல் ஸ்ட்ரூஸ்ட்ரப் முன்வைத்த இவ்வசதியைக் கால்பேக்கிற்குப் பயன்படுத்தும் முறையை ரிச் ஹிக்கி 1995 பிப்ரவரியில் ‘சி++ ரிப்போர்ட்’ இதழில் விளக்கினார். பின்னாளில் குளோஜர் மொழியைப் படைத்தவரும் இவரே.

அவர் கண்ட வழி எளியது. பொருளின் முகவரியும் உறுப்புச் செயற்கூறு சுட்டியும் வகை நீக்கப்பட்டு ஒரு சிறு பெட்டிக்குள் வைக்கப்படும். உடன், அவற்றின் உண்மை வகையை அறிந்த ஓர் இடைச் செயற்கூற்றை டெம்ப்ளேட் உருவாக்கித் தரும். பொத்தான் இடைச் செயற்கூற்றை அழைக்கும். அது வகையை மீட்டு உரியவரை அழைக்கும். வகை மறைக்கப்படுகிறது, மறக்கப்படுவதில்லை.

இதற்கு இலக்கணத்தில் ஓர் இணை உண்டு. ‘கொடு’ என்னும் வினை கொடுப்பவர், பெறுபவர், கொடுக்கப்படுவது என மூன்று இடங்களைக் கோரும். அவ்விடங்களில் எவர் வருவர் என்று கேட்பதில்லை. ஹிக்கியின் பொத்தானும் அழைப்பின் வடிவத்தை மட்டுமே அறியும்.

அம்முறையில் ஒரு குறை இருந்தது: அளபுருக்களின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் தனித்தனி டெம்ப்ளேட் எழுத வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டுத் தரநிலை, எத்தனை அளபுருக்களையும் ஏற்கும் டெம்ப்ளேட்டையும், லாம்டாவையும், பூஸ்ட் நூலகத்தில் ஏற்கெனவே பழகியிருந்த ‘ஃபங்ஷன்’ என்னும் பொதுப் பெட்டியையும் மொழிக்குள் கொணர்ந்து அக்குறையைத் தீர்த்தது. ஆயினும் இப்பெட்டிக்கு ஒரு விலை உண்டு. அழைப்பு இடைச் செயற்கூற்றைச் சுற்றி வருவதால் கம்பைலரால் அதனை எளிதில் உள்ளிணைக்க இயலாது. அதனால்தான் நூலகத்தின் ‘சார்ட்’, ஒப்பிடும் செயற்கூற்றின் வகையை மறைக்காமல் டெம்ப்ளேட் அளபுருவாகவே பெறுகிறது.

வாய்ட் சுட்டி இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பெட்டியின் அடியில் அதன் சாயல் இருக்கிறது. ஆனால் வகையை நினைவில் வைக்கும் பொறுப்பு நிரலரிடமிருந்து கம்பைலரின் கைக்கு மாறியிருக்கிறது.